மைதீன் கடையில் பேட்டரி

தென்காசியில் மைதீனின் சார்ஜ் கடையில், தன் கார் பேட்டரிக்குப் பக்கத்திலேயே நாறும்பூநாதனும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்.

ஆனிக் காற்று எங்கேயோ மின்கம்பியை அறுத்துவிட்டது. பேட்டரியைச் சார்ஜுக்கு மாட்டிய ஐந்தாவது நிமிஷம் ஊர் முழுக்கக் கரண்டு போனது.

நாலு மணி ரயிலில் திருநெல்வேலியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மகள் உலகம்மைக்கு இது நாலாவது இடம். கார் வைத்திருக்கிற வீடு என்றதும்தான் ஜாதகத்தையே கையில் வாங்கினார்கள். ஸ்டேஷன் வாசலில் கார் நிற்கும் என்று இவரும் ஜம்பமாகக் கடுதாசி போட்டிருந்தார்.

காரோ இலஞ்சியில் வீட்டு வாசலில் கிடக்கிறது. நேற்றுச் சாயங்காலம் போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று முன்விளக்கை எரியவிட்டவர், அணைக்க மறந்து தூங்கிப்போனார். வில்வண்டி இருந்தாலாவது சமாளிக்கலாம். கார் வந்த வாரமே அதை மாட்டோடு விற்றுத் தள்ளிவிட்டார்.

"ஒரு மணி நேரம் கரண்டு வந்தாப் போதும், அண்ணாச்சி" என்றார் மைதீன்.

கார்க்காரர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்று ஊருக்குத் தெரியலாமா? கடைப் பலகைகளைப் பாதி சாத்தச் சொல்லி, உள்ளே இருந்தபடியே கரண்டு ஆபீஸின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார்.

லைன்மேன் பிச்சைமணி மூன்று தடவை சைக்கிளில் அந்தப் பக்கம் போனான். கடை கடையாக நின்று என்னவோ விசாரித்தான். மணிச் சத்தம் கேட்டபோதெல்லாம் நாறும்பூநாதன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் இங்கன இருக்கேன்னு மூச்சு விட்டுராதீரும், வே."

மணி நாலாகப் போகிறது. இனிக் கரண்டு வந்தும் பிரயோஜனமில்லை. இந்தச் சம்பந்தமும் தட்டிப்போகும். நாலாவது தடவை சைக்கிள் மணி கேட்டதும் நாறும்பூநாதன் பலகையைத் தள்ளிக்கொண்டு தெருவில் பாய்ந்தார்.

"ஏலே, ஊரே கரண்டு இல்லாமக் கெடக்கு, நீ சைக்கிள்ல ஊர் சுத்துதியா?"

பிச்சைமணி சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணாச்சி, கம்பி உங்க தோப்புலதான் விழுந்து கெடக்கு. போன மாசம் கம்பியில உரசுத தென்னைய வெட்ட வந்தப்ப, கரண்டு ஆபீஸ்காரன் எவனும் என்னையக் கேக்காம உள்ள வரக் கூடாதுன்னு சொன்னீகள்லா? காவக்கார இசக்கிப்பாண்டி அருவாளோட வாசல்ல நிக்கான். அரை மணி நேர வேலைதான். காலையில இருந்து உங்களைத்தான் தேடி அலையுதேன்."

நாறும்பூநாதன் வாயைத் திறந்தார்.

அதற்குள் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது.