கடைசிப் பெட்டி

கொல்லைப்படியில நாற்காலியப் போட்டு உக்காந்து, அவர் கைய நீட்டுறாரு.

கையில ஒண்ணுமில்ல. ஆனா அது கொடி புடிக்கிற கைதான்.

வேலிக்கு அந்தப்பக்கம் சாயங்கால வண்டி கடகடன்னு போகுது. அவ காப்பிய ஆத்திக்கிட்டே பக்கத்துல வந்து நிக்குறா.

"நீங்க யாரும்மா? இங்கெல்லாம் நிக்கக் கூடாது. இது கார்டு பெட்டி."

வேலை பாத்த காலம் பூரா ரயில் கார்டு. கடைசிப் பெட்டியில நின்னு பச்சக்கொடி காட்டுன மனுஷன். ரிட்டயராகி ஒருவழியா வீட்டுக்கு வந்து சேந்தாருன்னு பாத்தா, நெனப்பு மட்டும் மறுபடி வண்டியேறிப் போயிருச்சு.

பொண்டாட்டி வெளியாளாயிட்டா.

காலையில மக போன்ல பேசுனா. காலேஜ்ல பிசிக்ஸ் சொல்லித்தர்றவ. வேகமாப் போறவங்களுக்கு நேரம் மெதுவா ஓடுமாம். நின்ன எடத்துலயே நிக்கிறவங்களுக்குத்தான் சீக்கிரம் வயசாகுமாம்.

"அப்ப உங்கப்பாவுக்கு வயசு கொறச்சலா?"

"அவ்வளவு ஓட்டம் ஓடியும், கண்ண மூடித் தொறக்குற நேரத்துல லட்சத்துல ஒரு பங்குகூட மிச்சமாயிருக்காதும்மா."

"சரி விடு. பின்னாடி போறதுக்கு வழி இருக்கா?"

"அது கதையிலதான். நெசத்துல யாரும் போனதில்ல."

உங்கப்பா போயிட்டாரேடி, டிக்கெட்டுகூட எடுக்காமன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. போன வெச்சுட்டா.

அவர் போனதுகூடப் பரவாயில்ல.

அவள விட்டுட்டுப் போனதுதான்.

கல்யாணமான புதுசுல இதே வேலியோரம் வந்து நிப்பா. எஞ்சின் போகும். பெட்டி பெட்டியாப் போகும். எல்லாத்துக்கும் கடைசியில அவரு. அவளப் பாத்தாரா இல்லையான்னு தெரியாது, போயிருவாரு.

ஒருநா, கண்ணுல படட்டுமேன்னு, காயப் போட்டிருந்த செவப்புத் துண்ட எடுத்து ஆட்டிட்டா.

கிறீச்சுன்னு மொத்த வண்டியும் நின்னுபோச்சு!

செவப்பு தெரிஞ்சா பிரேக்கப் புடிக்கணும். அவங்க வேலை அப்படி. குதிச்சு ஓடியாந்தாரு.

"என்ன ஆச்சு? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான். என்னையும் ஒரு தடவ ஏத்திக்கிட்டுப் போங்களேன்."

"அறிவிருக்காடி? வெளியாளு ஏறக் கூடாது!"

மெமோ வாங்குனாரு. அன்னைலேருந்து இந்தக் கொல்லையில செவப்புத் துணியே காஞ்சதில்ல.

இப்ப அவ காப்பியக் கீழ வெச்சா. உள்ள போயி பீரோவத் தொறந்தா. செவப்புன்னு இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். அடியில கெடந்த கூறப்பொடவை.

எடுத்துக்கிட்டு வேலியோரம் போயி நின்னா. மடிப்பு மடிப்பா ஒதறி, ரெண்டு கையாலயும் ஆட்டுனா.

அவர் நிமுந்து பாத்தாரு.

நாற்காலி கிறீச்சுன்னுச்சு.

செவுத்தப் புடிச்சு எந்திரிச்சு, தடுமாறித் தடுமாறி வந்தாரு.

"என்ன ஆச்சு? என்ன ஆச்சு?"

அவ ஆட்டுறத நிறுத்துனா.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

பொடவையப் பாத்தாரு. அவ மொகத்தப் பாத்தாரு. அறிவிருக்கான்னு ஒரு வார்த்தை திட்டிட்டாப் போதும். அவ காத்துக்கிட்டு நின்னா.

அவர் திட்டல.

தண்டவாளத்து ரெண்டு பக்கமும் ஒரு பார்வ பாத்தாரு, யாராச்சும் இருக்காங்களான்னு. கொரலத் தாழ்த்திக்கிட்டாரு.

"சரி, சீக்கிரம் ஏறுடி."

முன்னாடி போயி கொல்லைப்படி ஏறித் திரும்பி நின்னு, கைய நீட்டுறாரு.

இது கொடி புடிக்கிற கை இல்ல.