உரியவர் எழுந்து நிற்கலாம்

ஏஞ்சலினுக்குச் சால்வை போர்த்த, எங்களை வேலைக்கு எடுத்த காண்ட்ராக்டர் குப்புராஜையே மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

நாங்கள் கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். ஷிப்ட் முடிந்து வேன் ஏறப் போனவர்களைத் திருப்பிக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். நேர்மையைப் பாராட்டுகிற விழாவாம். வராதவர்களுக்கு அரை நாள் சம்பளம் பிடித்தமாம்.

மேடைக்குப் பின்னால் ஒரு பிளக்ஸ். அதில் மேனேஜர் முழு உயரத்துக்கு நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஏஞ்சலின் அவர் முழங்கைக்குப் பக்கத்தில், அடையாள அட்டையில் இருக்கும் அதே பயந்த முகத்தோடு, தீப்பெட்டி அளவில் இருந்தாள்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை காலை வேனை விட்டு இறங்கியதும் அவள் நேராக கேட்டுக்குப் போய் ஒரு பையை செக்யூரிட்டியிடம் கொடுத்தாள். உள்ளே கட்டுக் கட்டாக ஐந்நூறு ரூபாய் நோட்டு. வேன் நிற்கிற இடத்தில் கிடந்தது என்றாள். கேமராவுக்கு நேராகப் பிரித்துப் பார்த்த செக்யூரிட்டி, ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். இன்று வரை அதைத் தேடி யாரும் வரவில்லை.

மேனேஜர் மைக்கைப் பிடித்தார். இவ்வளவு குறைந்த சம்பளம் வாங்கும் ஒரு பெண், இவ்வளவு பெரிய தொகையைப் பார்த்தும் மனம் மாறவில்லையே என்று உருகினார். அந்தக் குறைந்த சம்பளத்தைப் போடுவது யார் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது. ஏழையாக இருந்தும் நேர்மை, ஏழையாக இருந்தும் நேர்மை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எங்களிடம் நேர்மை இருப்பதில் மனிதருக்கு அப்படி ஓர் ஆச்சரியம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பாதி மேனேஜர் மேல், பாதி ஏஞ்சலின் மேல்.

ஏஞ்சலின் குப்புராஜின் ஆள். எங்கள் லைனில் யாரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டோம். அவள் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவோம். "குப்புராஜ் ஊட்டு உண்டியலு வருதுடி" என்று ஆரோக்கியமேரி அவள் காதுபடவே சொல்வாள். அவள் கேட்காத மாதிரி போய்விடுவாள்.

குப்புராஜ் மேடை ஏறினார். மின்விசிறிக்கு நேர்கீழே நின்றும் அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. சால்வையை அவள் தோளில் போடும்போது பல்லைக் காட்டியபடியே, "இன்னாடி பண்ணி வெச்சிக்கிற?" என்று கேட்டார்.

இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மேனேஜர் கொடுத்த மைக் அவள் கையில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. மேனேஜர் அதையும் பாசம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

ஏஞ்சலின் மைக்கிலேயே பதில் சொன்னாள். "துட்டு யாருதோ அவங்க வாங்கிக்கட்டும்ண்ணா."

மேனேஜருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி மேசைமேல் வைத்தார். உரியவர் இங்கே இருந்தால் கூச்சப்படாமல் எழுந்து நிற்கலாம், எப்படி வந்த பணம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

குப்புராஜ் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பார்?

அந்தப் பையை ஏஞ்சலின் எங்கேயும் கண்டெடுக்கவில்லை.

மாதாமாதம் எங்கள் சம்பளம் பேங்க் கணக்கில் முழுசாக ஏறும். ஆடிட் செய்ய வருகிறவர்கள் பார்த்துப் பூரித்துப்போவார்கள். மறுநாள் கவரைப்பேட்டை ஏடிஎம்மில் வரிசையில் நின்று, அதில் ஒரு பங்கை எடுத்துக் குப்புராஜுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவளுக்கு அதற்கப்புறம் கேட் பாஸ் கிடையாது. தன் கையால் வாங்க மாட்டார், அவ்வளவு யோக்கியர். வேனில் ஏஞ்சலின்தான் அந்தப் பையை விரித்துக்கொண்டு வருவாள்.

இந்த மாதம் கெங்கம்மாளும் போட்டாள். பிரஸ் மெஷினில் விரல் போய், கட்டுப் போட்ட கையோடு வேலைக்கு வந்து போட்டாள். அவளை மட்டும் விட்டுவிடச் சொல்லி ஏஞ்சலின் போனில் கெஞ்சினாள். "வெரலுதான போச்சி? சம்பளம் ஏறிக்கினுதான கீது?" என்று குப்புராஜ் ஸ்பீக்கரில் கேட்டது வேன் முழுக்கக் கேட்டது.

அப்போதும் நாங்கள் ஏஞ்சலினைத்தான் திட்டினோம். அவள்தானே பக்கத்தில் இருந்தாள். பையை அவள் கேட்டில் கொடுத்த பிறகு இன்னும் அதிகமாகத் திட்டினோம். போன பணத்தை எங்களிடமே மறுபடி வசூலிக்கப் போவதாகக் குப்புராஜ் சொல்லியனுப்பியிருந்தார்.

இப்போது அவள் சால்வையோடு மேடையில் நின்றாள். குப்புராஜைப் பார்க்கவில்லை, மேனேஜரைப் பார்க்கவில்லை. எங்களையே பார்த்தாள். அவளால் முடிந்ததை அவள் செய்துவிட்டாள். நாளை அவளுக்கு கேட் பாஸ் இருக்காது. எழுந்தால் எங்களுக்கும் இருக்காது.

முதலில் கெங்கம்மாள் எழுந்தாள். கட்டுப் போட்ட கையை ஊன்ற முடியாமல் கொஞ்சம் தடுமாறித்தான் எழுந்தாள். அடுத்து ஆரோக்கியமேரி. அப்புறம் நான். அதற்குப் பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம் நிற்கவே இல்லை.

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏஞ்சலினுக்கு மரியாதை செய்யத்தான் எழுந்திருக்கிறோம் என்று நினைத்து, அவரும் நிமிர்ந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்து ஆபீஸ்காரர்கள் எல்லோரும் தட்டினார்கள். போட்டோக்காரர் ஓடி வந்து படம் எடுத்தார்.

குப்புராஜ் மட்டும் தட்டவில்லை.

கைதட்டல் ஓய்ந்தது. உட்காரும்படி மேனேஜர் கையைக் காட்டினார்.

நாங்கள் உட்காரவில்லை.