மேற்கு வாசலில் ஆந்தை

"திட்டுங்க சார், தப்பு என் மேலதான். ஆனா இத்தனை பேர் முன்னாடி வேண்டாம். தனியாக் கூப்பிட்டுத் திட்டுங்க."

அவள் இப்படிச் சொன்னதும், மாத்திரை அட்டைகளைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டை யாரோ நிறுத்திவிட்டார்கள். பேக்கிங் ஹால் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. சூப்பர்வைசரை எதிர்த்து அங்கே யாரும் வாய் திறந்ததில்லை. அவர் போடும் சத்தத்துக்கு, முதுகுக்குப் பின்னால் 'சங்கு' என்றுதான் அவருக்குப் பெயர்.

"ஓஹோ, எப்படித் திட்டணும்னு எனக்கே பாடமா? கையில என்ன அது?"

அவள் அவசரமாகத் திரையை அணைத்துவிட்டுப் போனை நீட்டினாள்.

"வேலை நேரத்துல யார்கிட்ட பேச்சு?"

"பேசல சார். ஒருத்தருக்கு அவசரம். ஒரு நிமிஷ உதவிதான்."

"அவசரம்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லு. யாரு அந்த ஒருத்தர்? வீட்டுக்காரரா?"

"இல்ல சார்."

"அப்ப யாரு?"

லேபிள் ஒட்டுகிற பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்கு முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. வரிசையிலேயே சுறுசுறுப்பான கை அவளுடையது. தேதி தப்பாக அச்சான அட்டையை ஓடுகிற ஓட்டத்திலேயே கண்டுபிடித்துத் தூக்கிவிடுவாள். இன்று தலையைத் தூக்க முடியாமல் நின்றாள்.

"இப்படி எதிர்த்துப் பேச யார் சொல்லிக் குடுத்தா?"

"எதிர்த்துப் பேசல சார். மரியாதையாக் கேளுன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார். நல்ல மனுஷர்."

"அப்ப அந்த நல்ல மனுஷர்கிட்டயே ஒரு வேலையும் கேட்டு வாங்கிக்கோ."

பெல்ட் பக்கத்தில் போனோடு பிடிபட்டால் அன்றோடு வேலை காலி. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியதே சூப்பர்வைசர்தான்.

"வீட்டுல நான் ஒருத்திதான் சார் வேலைக்குப் போறேன்," என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"என் ரூம் வாசல்ல பெஞ்ச் இருக்கு. உட்காரு. ஆபீஸ்ல சொல்லிக் கணக்கை முடிக்கச் சொல்றேன்." இதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

சூப்பர்வைசர் அறைக்குள் வந்து, அவளுடைய போனை மேஜையின் இரும்பு டிராயரில் போட்டு மூடினார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்ச் கிரீச்சிட்டது. வீட்டுக்காரரா என்று கேட்டிருக்க வேண்டாம் என்று அவருக்கே ஒரு கணம் கூச்சமாக இருந்தது. கூச்சத்தை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அலமாரியிலிருந்து தடித்த கோப்பு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

கோப்புக்குள் காகிதம் எதுவும் இல்லை. அவருடைய போன் இருந்தது.

விளையாட்டின் பெயர் கோட்டைக் காவல். வளைந்து வளைந்து போகிற பாதையில் பூதங்கள் சாரிசாரியாக வரும். பாதையோரம் அம்புக் கோபுரம், நெருப்புக் கோபுரம் என்று கட்டி அவற்றை வாசலுக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும். மாப்பிள்ளை எடுத்த பிறகு இந்த ஆசை வந்துவிட்டதே என்று வெட்கப்பட்டு, மனைவிக்குக்கூடத் தெரியாமல் ஆடுகிறார். விதி எழுதிய கையால் விதியை மீறுகிற வெட்கம் வேறு. அதில் அவர் பெயர் வெள்ளி வேங்கை. அவர் கோட்டைக்கு ஆபத்து வந்தால், உதவிக்குக் கொம்பு ஊதிய மறுநிமிடம் ஓடி வருகிற கூட்டாளி ஒன்று உண்டு. பெயர் சாம்பல் ஆந்தை. ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. ஆனால் மனம்விட்டு அவர் பேசுவது ஆந்தையிடம் மட்டும்தான். அங்கே அவர் யாரையும் அதட்டியதில்லை.

சற்று முன் ரவுண்ட்ஸ் கிளம்பும்போதும் மேற்கு வாசலைப் பூதங்கள் சூழ்ந்திருந்தன. கொம்பு ஊதிவிட்டுத்தான் ஹாலுக்குப் போயிருந்தார். இப்போது பார்த்தால், ஆந்தை வந்து கட்டத் தொடங்கிய நெருப்புக் கோபுரம் பாதியில் நின்றது. ஆந்தையைக் காணோம்.

"பாதியில விட்டுட்டு ஓடுற ஆளா நீ?" என்று முணுமுணுத்தார். பூதங்கள் கதவை இடிக்கத் தொடங்கியிருந்தன. கொம்புப் பட்டனை அழுத்தினார்.

டிராயர் டர்ர்ர் என்று அதிர்ந்தது.

சூப்பர்வைசர் டிராயரைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். மறுபடியும் கொம்பை அழுத்தினார்.

மறுபடியும் டர்ர்ர்.

அறைக் கதவு மெல்லத் திறந்தது. அவர் போனைக் கோப்புக்கு அடியில் தள்ளினார். அவள் உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சிடுங்க சார், அதிர்றது என் போன்தான். அவர் கூப்பிடறார். தனியாக் கூப்பிட்டுத் திட்டச் சொல்லுன்னு எனக்குத் தைரியம் குடுத்தாரே, அவர்தான். பாவம், மேற்கு வாசல்ல தனியா மாட்டிக்கிட்டிருப்பார். ஆந்தை இனிமே வராதுன்னு மட்டும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடறீங்களா சார்?"