உப்பில்லாத முட்டை

முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ப்ரோன்யா அக்கா, கீழ்வீட்டு ஜன்னலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே நிலைக்கண்ணாடியின் மேல் பூப்போட்ட மேசைவிரிப்பு தொங்கியது.

எங்கள் யூத வீடுகளில் கண்ணாடியை மூடுவதென்றால் ஒரே காரணம்தான். சாவு.

"போயிட்டான்டி," என்றாள் அக்கா. "பாவிப் பொண்ணு, நம்மகிட்டகூடச் சொல்லாம உக்காந்திருக்கா."

போயிட்டான் என்றது கோஸ்த்யாவை. லாரிசாவின் கணவன். அவன் உக்ரைனில் போர்முனையில் இருந்தான். அவள் மட்டும் தப்பி, எல்லைக்கு இந்தப் பக்கம் மால்டோவாவில் இருக்கும் எங்கள் கிஷினெவுக்கு வந்திருந்தாள்.

அந்த வசந்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. ஜெப ஆலயக் கூடம் முழுக்க அகதிகளுக்கு மெத்தைகள். அண்டாவில் எந்நேரமும் சூப். ஓய்வுநாளில் விளக்கைக்கூடத் தொடாத எங்கள் மதகுரு ரபி, உயிர் காக்க எல்லாம் தகும் என்று ஓய்வுநாளிலேயே வேன் ஓட்டிக்கொண்டு எல்லைக்குப் போனார். லாரிசா யூதப் பெண் இல்லை. அக்கா அதைக் கேட்கவும் இல்லை. மகன் இஸ்ரேலுக்கு, ஹைஃபாவுக்குப் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த கீழ்வீட்டைத் திறந்துவிட்டாள். எங்கள் அம்மாவும் ஒரு போரில் தாஷ்கண்டுக்கு ஓடியவள்தானே.

அக்கா முட்டை வேகவைத்து உரித்தாள். துக்க வீட்டின் முதல் சாப்பாடு அக்கம்பக்கத்தார் கொடுக்கும் முட்டை. நான் உப்பு டப்பாவை எடுத்ததும் வெடுக்கென்று பிடுங்கி வைத்தாள். துக்க முட்டைக்கு உப்பு கிடையாது. எனக்கு எழுபது வயதாகியும் அவளுக்கு நான் விவரம் கெட்ட தங்கைதான்.

முறைப்படி கதவைத் தட்டாமல் நுழைந்தோம். வணக்கமும் சொல்லவில்லை. அக்கா தட்டை லாரிசாவின் கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். துக்கப்பட்டவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது.

லாரிசா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் காத்திருந்தோம். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"கோஸ்த்யாவுக்கு என்ன ஆச்சு? சொல்லித் தொலைங்களேன்!"

"அத நீதானேம்மா சொல்லணும்!" என்றாள் அக்கா.

நடந்தது இவ்வளவுதான். குப்பை லாரி சத்தத்துக்கே நடுங்குகிறவள், குண்டு விழுந்தால் கண்ணாடிச் சில்லு கட்டிலில் தெறிக்குமே என்று மூடியிருக்கிறாள்.

ஆனால் பயம் வந்துவிட்டதே. லாரிசா அவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். வாய் வைத்துவிட்டேனே என்று அழுதாள்.

பிறகு போன் அடித்தது.

சட்டை துவைத்துக்கொண்டிருந்தானாம். கதையைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பு எங்களுக்கே கேட்டது.

"என் சாவுச் சாப்பாட்டுல எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்க!"

அக்கா விரிப்பை உருவி எறிந்தாள். முட்டிவலியையும் மறந்து மாடியேறி உப்பு டப்பாவோடு வந்தாள். கை கொள்ளும் மட்டும் அள்ளித் தூவினாள். வாயில் வைக்க முடியாத கரிப்பு. மூவரும் ஒன்று விடாமல் தின்றோம். தின்றபடியே அக்கா எங்கள் துக்க வீட்டு முறைகளை லாரிசாவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதற்கப்புறம் எத்தனையோ நடந்துவிட்டது. லாரிசா ஊர் திரும்பிவிட்டாள்.

இன்று காலை அவள் எங்கள் மாடிக்கு வந்தாள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த கசங்கல் முகத்தில். கதவைத் தட்டவில்லை. வணக்கம் சொல்லவில்லை. நிலைக்கண்ணாடியின் மேல் நான் போட்டிருந்த அதே பூப்போட்ட விரிப்பை ஒரு கணம் பார்த்தாள். என் கையில் ஒரு தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.

அக்கா சொல்லிக்கொடுத்த எதையும் அவள் மறக்கவில்லை.

தட்டில் உரித்த முட்டைகள் இருந்தன. உப்பு இல்லை.