திரும்பி வராத மின்னஞ்சல்

கார்த்திகை மாதம், காலை ஏழரை மணி. கொக்கிளாயில், மீனவர் சங்கத்தின் கணினியைப் புதுப்பித்த பிறகு பழைய மின்னஞ்சல் மென்பொருள் திறக்கவில்லை. கணினி திருத்துகிற றெஜி வேறொன்றைப் போட்டுக் காட்டினான்.

“அக்கா, அனுப்பினது போகாமல் திரும்பி வாற முகவரியளை இது தானே அழிச்சுப்போடும். உங்களுக்கு வேலை மிச்சம்.”

“அப்ப வேண்டாம்,” என்றாள் சங்கக் காரியதரிசி யூலிற்றா. “தானா ஒண்டும் செய்யாததைப் போடு.”

அவள் கணவன் மரியநேசன் கடலுக்குப் போய் மூன்று வருடங்கள். உடல் கரை சேராதவரின் பெயரைச் சங்கம் பட்டியலிலிருந்து வெட்டுவதில்லை. தினமும் காலநிலை அறிவித்தல் அவனுக்கும் போகும். அப்படியொரு முகவரி இல்லையென்று உடனே திரும்பி வரும். அவள் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவாள்.

“நீங்கள் பிடிச்சாப் பிடிதான்,” என்று சிரித்துக்கொண்டு, றெஜி இருப்பதிலேயே எளிய ஒன்றைப் போட்டான்.

யூலிற்றா அன்றைய அறிவித்தலை எல்லோருக்கும் அனுப்பினாள். காற்றுக் கடுமை, கடலுக்குப் போகவேண்டாம்.

எதுவும் திரும்பி வரவில்லை. தேநீர் குடித்து முடிக்கையில் மரியநேசனின் பெயரில் ஒரு பதில் வந்தது.

‘பாத்தனான். வலை இழுத்துக்கொண்டு நிக்கிறம்.’

றெஜி எழுந்து நின்றான். யூலிற்றா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள்.

“றெஜி, கரைக்கு வரச்சொல்லி ஒண்டு அனுப்பட்டோ?”