மீன் பிழைத்த கோடை

அன்று வற்றிக்கொண்டிருந்த குளத்தில் இருந்தவர்கள் ஒரு விரால், ஒரு நண்டு, ஒன்பது கெண்டைகள்.

"சேற்றில் புதைந்து மழைக்குக் காத்திருப்போம். கோடைதோறும் நான் அப்படித்தான் பிழைக்கிறேன்" என்றது விரால்.

"சேற்றுக்குள் எங்களுக்கு மூச்சு வருமா அண்ணே?" என்றது ஒரு கெண்டை.

"நீ வேறு, நான் வேறா? எல்லாம் மீன்தானே."

"மீன் என்று ஒருவரை இந்தக் குளத்தில் நான் பார்த்ததே இல்லை" என்றது நண்டு. "விராலைத் தெரியும், கெண்டையைத் தெரியும். கெண்டைகளே, வாய்க்காலில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. ஆற்றுக்கு வந்துவிடுங்கள்."

"காலால் நடப்பவன் மீனுக்கு வழி சொல்கிறான்" என்றது விரால்.

மூன்று கெண்டைகள் நண்டோடு போயின. ஆறு கெண்டைகள் விராலோடு சேற்றில் இறங்கின.

நாற்பத்தொரு நாள் கழித்து மழை பெய்தது. விரால் மேலே வந்து குளத்தை ஒருமுறை சுற்றியது.

"மீன் பிழைத்துவிட்டது" என்றது.

குளத்தில் மீதி இருந்தது அது ஒன்றுதான்.