லிவாயின் துண்டு

"இன்னிக்கும் தொடமாட்டார், பந்தயம் கட்டுறியா?" என்றாள் வாசிதி, பானைக்கு அடியில் விறகைத் தள்ளியபடி.

பானைக்குள் பால்மாவு டின். டின்னுக்குள் புரினி. சர்க்கரையைக் கறுக்கக் கறுக்கக் காய்ச்சி, தேங்காய்ப்பால் ஊற்றி, மாவும் வெண்ணெயும் கலந்து காலையிலேயே ஆவியில் ஏற்றியாகிவிட்டது. அந்த வாசனைக்கு ஊரில் பாதிப் பேர் வேலி ஓரம் வந்து தலையை நீட்டுவார்கள். வாசிதியின் கணவர் இனோக்கே மட்டும் படகுத்துறைக்கு நழுவிவிடுகிறார். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து அவள் சுவா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி மூன்று மாதமாகிறது. அன்று முதல் இதே கூத்துதான்.

"சர்க்கரை வியாதியா இருக்குமோ, அக்கா?" என்றாள் பக்கத்து வீட்டு லிட்டியா.

"டீயில மூணு கரண்டி போட்டுக் குடிக்கிறாரே, அதுல வராதா?"

"அப்ப வேற எவளோ உன்னைவிட நல்லா செஞ்சு போடுறா."

"போடி!" என்று வாசிதி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவளுக்கு உள்ளுக்குள் வலித்தது.

வலிக்காதா? அவர்கள் கல்யாணமே புரினியால் வந்ததுதான். சர்ச் விருந்தில் மூன்று துண்டு தின்றுவிட்டு, "சர்க்கரையை இப்படிக் கருக்கினது யாரு?" என்று பந்தியிலேயே எழுந்து நின்று கேட்டவர் இனோக்கே. மகன் லிவாய் பிறந்த பிறகு, டின்னின் மேல்பக்கத்து மொறுமொறுப்புக்காக அப்பனும் பிள்ளையும் போடாத சண்டை இல்லை. கொதிக்கிற பாகில் விரலை விட்டுக் கொப்புளம் போட்டபோதும் அந்த விரலைச் சப்பிக்கொண்டேதான் அழுதான் லிவாய்.

"ஆபரேஷன்ல என் கைப்பக்குவத்தையும் சேர்த்து வெட்டி எடுத்துட்டாங்க போல," என்றாள் வாசிதி. "கிறிஸ்துமஸுக்கு லிவாய் வந்துடுவான். அதுக்குள்ள இந்த மனுஷனை ஒரு வாயாவது சாப்பிட வைக்கணும். அப்பாவே தொடலைன்னா அவன் என்ன நினைப்பான்?"

லிவாய் சூரை மீன் பிடிக்கிற கப்பலில் இருக்கிறான். கப்பல் கரை தட்டினால்தான் போன் வரும். தட்டுவதோ ஆடிக்கொரு தடவை, அமாவாசைக்கொரு தடவை.

"சரி, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போ."

"ஐயோ, வேண்டாம்க்கா. எங்க மாமா செத்த துக்கத்துக்கு நான் டீயைத்தானே விட்டிருக்கேன்? நூறு ராத்திரி முடியட்டும், கெட்டிலோட குடிக்கிறேன்."

"உயிரோட இருந்தப்ப அவரோட முகம் கொடுத்தே பேசமாட்டே!"

"அதுக்குத்தான் டீ. நெஜமாவே பாசம் இருந்திருந்தா மீனையே விட்டிருப்பேன்."

வாசல் பக்கம் காலடி கேட்டது. "வாசிதி, தண்ணி வச்சிருக்கியா? குளிக்கணும்," என்றார் இனோக்கே.

லிட்டியா கண்ணைச் சிமிட்டினாள். "லிவாய் அம்மா, லிவாய் அம்மான்னு ஊரே கேக்கக் கூப்பிடுற மனுஷன், இப்ப பேர் சொல்றாரா? புது மாப்பிள்ளைதான் போ!"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து அப்படித்தான்," என்றாள் வாசிதி. வெட்கமாக இருந்தாலும் அது அவளுக்குப் பிடித்திருந்தது. லிட்டியா சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

வாசிதி டின்னைக் கவிழ்த்தாள். புரினி கறுப்பாக, பளபளவென்று தட்டில் வந்து இறங்கியது. மொறுமொறுப்பான முதல் துண்டை வெட்டி, வழக்கம்போல ஒரு தட்டில் வைத்து மூடினாள். அது லிவாயின் துண்டு. நடுக்கடலில் இருப்பவன் வந்து தின்னப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும். நாளைக்கு அதைக் கோழிதான் தின்னும். இருந்தாலும் வைக்காமல் இருக்க மனசு வராது.

இனோக்கே குளித்து, துவைத்த சூலு வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு துண்டு குடு."

வாசிதி கையிலிருந்த கத்தி நழுவியது. கேட்டது சரிதானா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று பயந்து, அவசர அவசரமாக ஒரு பெரிய துண்டை வெட்டி நீட்டினாள்.

அவர் கண்ணை மூடி ஜெபம் செய்தார். வழக்கத்தைவிட நீளமான ஜெபம். பிறகு கொஞ்சம் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள்போல அவள் நின்றாள்.

"எப்படி இருக்கு?"

"அதே ருசி. கொஞ்சம்கூட மாறலை." அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

வாசிதிக்கும் அழுகை வந்தது. சந்தோஷ அழுகை. "அப்புறம் ஏன் மூணு மாசமா என்னை இப்படி வதைச்சீங்க? லிவாய் வரட்டும், உங்க பவிசை எல்லாம் அவன்கிட்ட சொல்றேன்."

அவர் தலை நிமிரவில்லை. "நேத்து டாக்டர் சொன்னாருல்ல? உன் நெஞ்சு இனிமே எதையும் தாங்கும்னு."

"அதுக்கும் புரினிக்கும் என்ன சம்பந்தம்?"

"தாங்கணும்," என்றார் இனோக்கே. "நேத்து ராத்திரியோட நூறு முடிஞ்சுது, லிவாய் அம்மா."

மூடி வைத்திருந்த தட்டைத் திறந்து, மகனின் துண்டை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அவள் கையில் வைத்தார்.